மறுக்கப்பட்டவர் எவருமிலர்

பாகுபாட்டை அளக்க ஒன்பது கேள்விகள் போதும் என்று கவாஷிரோ நகராட்சி முடிவு செய்தது. நகராட்சிக்கு இருக்கிற வேலையில் ஒன்பதே அதிகம். முதலில் ஐந்து என்றுதான் பேச்சு. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, இது பல நாடுகளில் பயன்படும் அளவுகோல், இதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று கறாராகச் சொன்ன பிறகு ஒன்பதுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

கேள்விகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. உங்கள் இனம், நாடு, பிறப்பு காரணமாக உங்களுக்கு நியாயமில்லாமல் வேலை மறுக்கப்பட்டதுண்டா? வாடகை வீடு மறுக்கப்பட்டதுண்டா? பதவி உயர்வு மறுக்கப்பட்டதுண்டா? இப்படியே ஒன்பது. உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். கூட்டினால் அந்த மனிதர் பட்ட பாடு. எல்லார் பாட்டையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் ஊர் பட்ட பாடு.

இந்தக் கணக்கெடுப்பு மனித உரிமை மேம்பாட்டுப் பிரிவில் இருந்த ஹியோன் மியோங்மியின் மேசைக்கு வந்தது. அந்தப் பிரிவுக்கு வருகிற எந்த வேலையும் நாலு மேசை சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வரும். அவள் சேர்ந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. அவளுடைய தாத்தா கொரியாவின் செஜு தீவிலிருந்து கப்பலேறி ஒஸாகாவில் இறங்கியவர். அப்பா பிறந்தது இங்கே. அவள் பிறந்ததும் இங்கே, அதுவும் இதே நகராட்சி மருத்துவமனையில். கையில் இருப்பது மட்டும் கொரியப் பாஸ்போர்ட். ஆகையால் அவள் வெளிநாட்டவள். வருடா வருடம் வரும் நகராட்சிக் கையேட்டில் அவள் படம் தவறாது: 'சொந்தக் கொரியப் பெயரோடு பணியாற்றும் நம் ஊழியர்.' அந்தப் படம் எடுத்துப் பதினோரு வருடம் இருக்கும். கையேட்டில் அவளுக்கு வயது ஏறுவதே இல்லை. பதவியும்தான்.

பதவி ஏறாததற்கு ஒரே ஒரு வார்த்தைதான் காரணம். பிரிவுத் தலைவராக வேண்டுமானால் ஜப்பானியக் குடியுரிமை வேண்டும். எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் எதிலும் இல்லை. 'இயல்பாகவே' அப்படித்தான் என்பார்கள். இயல்பாக இருப்பதை யார் எழுதி வைப்பார்கள்? தண்ணீர் ஈரமாக இருக்க வேண்டும் என்று எந்த நகராட்சியாவது தீர்மானம் போட்டதுண்டா? இயல்பாகவே இதுவரை மூன்று தலைவர்கள் வந்தார்கள், மியோங்மியிடம் வேலை கற்றுக்கொண்டார்கள், மேலே போனார்கள். இப்போது இருப்பவர் நாலாமவர், நிஷிவாகி. முப்பத்தாறு வயது. மரியாதை தெரிந்த பிள்ளை. பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்தே கூப்பிடுவார். ஒரு குறிப்பெழுதினால், "இதுல இந்த இடத்துல கமா வருமா, ஹியோன்சான்?" என்று கேட்காமல் மேலே அனுப்பமாட்டார்.

ஜூன் மாத மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் இந்த விதியைப் பற்றிக் கேட்டுவிட்டார். நகரத் தலைவர் எழுந்து, "கணக்கெடுப்பில் அப்படியொரு தேவை தெரியவந்தால், டிசம்பரில் விதியை எடுத்துவிடுவது பற்றிப் பரிசீலிப்போம்" என்றார். தேவை என்றால் எவ்வளவு என்று உறுப்பினர் விடவில்லை. பின்னால் இருந்தவர்கள் காதில் ஏதோ சொல்ல, நகரத் தலைவர், "சராசரி ஒன்றைத் தாண்டினால்" என்றார்.

மியோங்மி அதை ஒரு காகிதத்தில் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டாள். தலைவர் பதவிக்கான நிர்வாகத் தேர்வு ஜனவரியில். விண்ணப்பக் கெடு அக்டோபரோடு முடிந்தாலும், விதி போனால் விட்டுப்போனவர்களிடம் டிசம்பரில் தனியே வாங்குவார்கள். ஐம்பத்திரண்டு முடிந்தவர்கள் எழுத முடியாது. அவளுக்கு அடுத்த மே மாதம் முடிகிறது. ஆக, இந்த ஜனவரி ஒன்றுதான் பாக்கி. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்ற வேண்டும் என்கிற ஆசையெல்லாம் அவளுக்கு எப்போதோ வடிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை அந்தத் தேர்வை எழுத வேண்டும். தோற்றால் தன் விடைத்தாளுக்காகத் தோற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஊரிலுள்ள வெளிநாட்டவர்களில் குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு ஜூலையில் கேள்வித்தாள் தபாலில் போனது. செப்டம்பரில் பதில் போடாதவர்களின் வீடுகளுக்கு அவளே கிளம்பினாள். கேள்வியை அச்சில் உள்ளபடி வாசிக்க வேண்டும், விளக்கம் சொல்லக்கூடாது, பதிலைத் தூண்டக்கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை. அவள் அதையும் ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்திருந்தாள்.

ரயில் பாலத்தை ஒட்டி முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தார் ஒருவர். அறுபத்தெட்டு வயது. வாசல் பலகையில் 'மினாமி'. நகராட்சிப் பதிவேட்டில் 'நாம்'. சீன எழுத்து ஒன்றேதான். ஜப்பானியர் வாசித்தால் 'மினாமி', கொரியர் வாசித்தால் 'நாம்'. பெயரை மாற்றாமலே ஒளித்து வைக்க முடிந்த அதிர்ஷ்டசாலி. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மனைவி பார்லி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். காது மட்டும் இங்கேயே இருந்தது.

"நியாயமில்லாமல் உங்களுக்கு வேலை மறுக்கப்பட்டதுண்டா?"

"இல்லை."

பட்டென்று வந்தது பதில். மியோங்மி பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, பையிலிருந்த அட்டையை மனதுக்குள் திருப்பி வைத்தாள்.

"எங்கெல்லாம் விண்ணப்பம் போட்டீங்க?"

"எங்கேயும் போடலை தங்கச்சி. பள்ளிக்கூடத்துல வாத்தியார் முன்னாடியே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. 'அந்தப் பெரிய கம்பெனிக்கெல்லாம் நீ போட்டா அவங்களுக்குத்தான் சங்கடம், பாவம்'னு. நல்ல மனுஷன். இன்னிக்கும் புது வருஷத்துக்கு வாழ்த்து அட்டை போடறேன்."

"வாடகை வீடு மறுக்கப்பட்டதுண்டா?"

"கேட்டாத்தானே மறுக்க? நாங்க நம்ம ஆளுங்க வீடாப் பாத்துத்தான் போவோம்."

"வங்கிக் கடன் மறுக்கப்பட்டதுண்டா?"

"வங்கிப் பக்கமே போனதில்லை. நம்ம ஆளுங்க கடன் சங்கம் இருக்குல்ல."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "பொண்ணு கல்யாணத்தையும் சொல்லுங்க."

"அது இதுல வராதுடி. அவங்க எங்கே மறுத்தாங்க? நாமதானே முந்திக்கிட்டு வேண்டாம்னோம்."

"ஆமா. அவங்க வீட்டுல விசாரிக்க ஆள் விட்ட அன்னிக்கே முந்திக்கிட்டீங்க. ஓட்டப்பந்தயத்துல போயிருந்தா மெடல் வந்திருக்கும்."

"காதைப் பாரு, இங்கேயே இருக்கு" என்றார் பட்டறைக்காரர். பிறகு ஒன்பதாவது கேள்வியும் முடிந்ததும் எட்டிப் பார்த்தார். "எவ்வளவு மார்க்?"

"பூஜ்யம்."

"ஒன்பதுக்கா?"

"ஒன்பதுக்கு."

அவர் உள்பக்கம் திரும்பி, "கேட்டியா? ஒரு தப்புகூட இல்லை" என்றார்.

அந்த மாதம் முழுக்க மியோங்மி இப்படிப்பட்ட முதல்தர மாணவர்களையே சந்தித்தாள். எல்லாரும் பூஜ்யத்துக்குப் படித்துவிட்டு வந்ததுபோலப் பதில் சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. எங்கே கேட்டால் முகம் சுளிக்கும் என்று பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்கள், அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போகப் பழகியிருந்தார்கள். இதைத் தவறு என்றும் சொல்ல முடியாது. அடுத்தவருக்குச் சங்கடம் தரக்கூடாது என்பதைத்தான் இந்த நாட்டில் எல்லாப் பள்ளியிலும் முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். இவர்கள் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டார்கள்.

அக்டோபர் நடுவில் நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள் வந்திருந்தன. சராசரி 0.4. நிஷிவாகி தாளைக் கையில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் மலர்ந்தார்.

"அருமையான எண், ஹியோன்சான். பக்கத்து ஊர்ல 0.9. நம்ம பிரிவோட இருபது வருஷ உழைப்பு இது."

"தலைவரே, இதுல பாதிப் பேர் எதையும் கேட்டதே இல்லை. கேட்காதவங்களுக்கு எப்படி மறுக்க முடியும்?"

"அதுவும் ஒரு நல்லிணக்கம்தானே?"

"ஒரு ஊர்ல மாடிப்படி இல்லாத கட்டடம் ஒண்ணு கட்டிட்டு, மாடியிலேர்ந்து யாரும் விழலைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

நிஷிவாகி கொஞ்சம் யோசித்தார். "இந்த உவமையை அறிக்கையில போடலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றாள்.

அவர் நிம்மதியாக அடுத்த தாளை நீட்டினார். பணியாளர் பிரிவின் ஆண்டறிக்கை. அதில் ஒரு வரியை அடிக்கோடிட்டிருந்தார்: 'நிர்வாகத் தேர்வுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட வெளிநாட்டு ஊழியர் எவருமிலர்.' "நம்ம எண்ணுக்கு இது நல்ல துணை" என்றார்.

அன்று மாலை மியோங்மி வீட்டுக்குப் போனபோது தபால்பெட்டியில் அவளுடைய கையெழுத்திலேயே ஒரு உறை கிடந்தது. தாள்கள் போதவில்லை என்று இரண்டாம் தடவை போட்ட குலுக்கலில் அவள் பெயரும் விழுந்திருக்கிறது. அதற்காக நூறு உறைக்கு மேல் விலாசம் எழுதியதில் தன் பெயரைத் தானே எழுதி ஒட்டியது அவளுக்கு நினைவில்லை. சோறு வேகிற நேரத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தாள். ஒன்று, பூஜ்யம். இரண்டு, பூஜ்யம். மூன்றாவதில் பேனா நின்றது. பதவி உயர்வு மறுக்கப்பட்டதுண்டா?

இருபத்தேழு வருடத்தில் மறுத்தவர் யார்? தேதி என்ன? கடிதம் எங்கே? தேர்வுத் தாள்கள் தகுதியுள்ளவர்களின் மேசைக்குப் பணியாளர் பிரிவே அனுப்பிவிடும். அவளுக்கு வந்ததில்லை, அவளும் போய்க் கேட்டதில்லை. கேட்டால் அவர்களுக்குச் சங்கடம், பாவம். உள்ளபடி எழுதினால் இதுவும் பூஜ்யம்தான். பட்டறைக்காரருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதே பரீட்சையை அவளும் ஒரு தப்பில்லாமல் எழுதி முடித்திருக்கிறாள்.

அந்தக் கேள்வியைக் காலியாக விட்டு, தாளை மடித்து வைத்தாள்.

மறுநாள் காலை பணியாளர் பிரிவின் கவுன்டரில் நின்றாள். தொபிதா என்கிற இளம்பெண் எழுந்து வந்தாள்.

"தலைவர் தேர்வுக்கு விண்ணப்பத் தாள் ஒண்ணு வேணும்."

"நிஷிவாகி தலைவருக்கா மேடம்? அவர்தான் பாஸ் பண்ணிட்டாரே."

"எனக்கு."

தொபிதா சிரித்தாள், பிறகு சிரிக்கக்கூடாதோ என்று நிறுத்தினாள். "அது... கவுன்டர்ல தர்றதில்லைங்க மேடம். நாங்களே அனுப்பிடுவோம்."

"எனக்கு வரலையே."

"வரலைன்னா... அனுப்பலைங்க."

"அப்போ எனக்கு மறுக்கறீங்க, அப்படித்தானே?"

"ஐயோ, மறுக்கலை மேடம். அனுப்பலை, அவ்வளவுதான்."

இதற்குள் பிரிவுத் தலைவர் குவாபாரா நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அவளை விட ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவர். முதல் வருடத்தில் அவருக்கு நகலெடுக்கும் இயந்திரத்தை ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, டீ வரவழைத்தார். டீ வந்தால் காரியம் நடக்காது என்று அர்த்தம். அது அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"ஹியோன்சான், உங்க மனசு எனக்குப் புரியுது. தாளை ஏத்துக்க முடியாது. அது இயல்பாகவே முடியாது. மறுக்கவும் முடியாது. மறுத்தா மறுத்ததாயிடும், இல்லையா? நம்ம ஊர்ல இதுவரைக்கும் அப்படி ஒண்ணு நடந்ததே இல்லை. அதனால உங்க வேண்டுகோளை நான் கையில வாங்கி வெச்சுக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"வாங்கி வெச்சுக்கறதுன்னா நாள் கணக்கு கிடையாது."

"முப்பத்தொண்ணாம் தேதியோட கெடு முடியுதே."

"முடியட்டுமே. அப்புறம் கேள்வியே எழாது" என்று இரண்டு கையையும் விரித்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். டீயை அவளை விட அவரே அதிகம் குடித்தார்.

மியோங்மி நன்றி சொல்லி எழுந்து வந்தாள். மதிய இடைவேளையில் தெருவைக் கடந்து தபால் நிலையத்துக்குப் போனாள். உள்ளடக்கச் சான்றுத் தபால் என்று ஒன்று உண்டு. ஒரே கடிதத்தை மூன்று பிரதி எழுத வேண்டும். ஒன்று போய்ச் சேரும், ஒன்று தபால் நிலையத்தில் இருக்கும், ஒன்று அனுப்பியவர் கையில். இன்ன தேதியில் இன்ன வாசகம் இன்னாருக்குப் போனது என்பதை அதன் பிறகு கடவுளாலும் மறுக்க முடியாது. வரிக்கு இருபது எழுத்து, பக்கத்துக்கு இருபத்தாறு வரி, அதற்கு மேல் போகக்கூடாது. மியோங்மிக்கு ஏழு வரியே போதுமாக இருந்தது. நிர்வாகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். படிவம் தரப்படாததால் இந்தக் கடிதமே விண்ணப்பம். ஏற்பதா மறுப்பதா என்பதைக் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கவும். கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தினாள். தான் வேலை செய்கிற கட்டடத்துக்கு, மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு, தெருவைச் சுற்றி ஒரு கடிதம் அனுப்பினாள்.

சான்றுத் தபாலில் வந்ததைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. பதிவேட்டில் எண் போட வேண்டும். எண் போட்டதற்குப் பதில் போட வேண்டும். இரண்டாம் மாடியில் ஒரு வாரம் விளக்கு அணையவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

இருபத்தொன்பதாம் தேதி ஒரு வரைவு மேலே வந்தது. வெளிநாட்டவருக்குப் போகும் எந்தக் கடிதமானாலும் மனித உரிமைப் பிரிவின் 'எளிய மொழி' சரிபார்ப்புக்கு வந்தே ஆக வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் வந்த ஏற்பாடு. வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். முடிவை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு அர்த்தம் தருகிற சொல் கூடாது. கடினமான சீன எழுத்துக்குப் பக்கத்தில் உச்சரிப்பு போட வேண்டும். இந்த விதிகளை எழுதியது மியோங்மி. சரிபார்ப்பதும் அவள்தான்.

குவாபாராவின் வரைவை எடுத்துப் படித்தாள். 'குளிர்காற்று வீசத் தொடங்கியிருக்கும் இந்நாளில் தாங்கள் நலமுடன் விளங்குவது கண்டு மகிழ்கிறோம். தங்களின் உயரிய ஆர்வத்துக்கு எங்கள் ஆழ்ந்த நன்றி. பல்வேறு சூழல்களையும் முழுமையாக நோக்குகையில், இவ்விஷயத்தில் எங்கள் நிலைமையைத் தாங்கள் கனிவுடன் புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம்.' இப்படியே ஒன்றரைப் பக்கம். முடியும் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. படித்து முடிப்பவருக்கு யாரோ இறந்துபோனது மாதிரி ஒரு சோகம் மட்டும் மிஞ்சும்.

அவள் தாளோடு எழுந்து போனாள். "தலைவரே, இது எனக்கு வர்ற கடிதம். நானே சரிபாக்கலாமா?"

நிஷிவாகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டிசம்பர் மன்றக் கூட்டத்துக்கு 0.4-ஐ எந்த நிறத்தில் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "வேற யாரு பாப்பாங்க, ஹியோன்சான்? உங்களை விட்டா நமக்கு ஆளேது?"

"விதிப்படியே செய்யட்டுமா?"

"அப்படியே செய்ங்க."

விதிப்படியே செய்தாள். குளிர்காற்றை அடித்தாள். நன்றியை அடித்தாள். சூழல், நிலைமை, கனிவு மூன்றும் இரண்டு அர்த்தம் தருகிற சொற்கள். சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு அடித்தாள். முடிவை மேலே கொண்டுவந்தாள். கடைசியில் நாலு வரி நின்றது.

'நீங்கள் தேர்வு எழுத முடியாது. உங்கள் விண்ணப்பத்தை மறுக்கிறோம். நீங்கள் ஜப்பானியர் அல்ல. இதுதான் காரணம்.'

கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் உச்சரிப்பு போட்டாள். 'மறுக்கிறோம்' என்பதற்குப் போடும் முன் மட்டும் பென்சிலைச் சீவிக்கொண்டாள். இருபத்தேழு வருடமாக இந்தக் கட்டடத்தில் யாரும் அவளிடம் சொல்லாத சொல்லை அவளே பக்கத்தில் உச்சரிப்போடு எழுதிக்கொண்டிருந்தாள்.

நிஷிவாகி மேலோட்டமாகப் பார்த்தார். "ரொம்ப எளிமையா இருக்கு. குழந்தைக்குக்கூடப் புரியும்" என்று முத்திரை வைத்தார். அது இரண்டாம் மாடிக்குப் போனது. மனித உரிமைப் பிரிவின் முத்திரை இருந்தால் அதைத் திரும்பப் படிப்பது அவமரியாதை. தொபிதா உறையிலிட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டாள்.

முப்பதாம் தேதி காலையில் குவாபாரா நகலைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. "ஹியோன்சான், இது... ரொம்பத் தெளிவா இருக்கே."

"நன்றி."

"கொஞ்சம் திருப்பித் தந்தீங்கன்னா நான் வேற மாதிரி—"

"தபால்ல இருக்கு, குவாபாராசான். இன்னிக்குச் சாயந்தரம் எனக்கு வந்துடும்."

அவர் நிஷிவாகியைப் பார்த்தார். நிஷிவாகி நகலை வாங்கி, முதல் தடவையாக முழுக்கப் படித்தார். காது மடல் சிவந்தது. "ஹியோன்சான்," என்று மெதுவாகக் கேட்டார், "இது நியாயமில்லாததுதானே?"

"அதைக் கேள்வித்தாள்ல நிரப்பறவங்கதான் சொல்லணும், தலைவரே. நாம தூண்டக்கூடாது."

அன்று மாலை கடிதம் வந்தது. அவள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது கேள்விக்கு எதிரே ஒன்று என்று எழுதினாள். எழுதிய பிறகும் மேசையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஜெயித்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. தேர்வு போய்விட்டது. ஜனவரியில் அந்த அறையில் அவளுக்கு மேசை இருக்காது. அதற்கடுத்த ஜனவரி என்று ஒன்று கிடையாது. ரொம்ப நேரம் கழித்துச் சோற்றைச் சூடு பண்ணிச் சாப்பிட்டாள்.

டிசம்பரில் சராசரி மன்றத்தின் முன் வைக்கப்பட்டது. புள்ளிக்குப் பின் ஓர் எண்ணோடு நிறுத்தினால் அவளுடைய ஒன்றைச் சேர்த்தும் 0.4தான். இளம்பச்சை நிறத்தில் போட்டிருந்தார்கள். தேவை தெரியவில்லை என்று நகரத் தலைவர் சொன்னார். விதி இருந்தபடியே இருந்தது. பணியாளர் பிரிவின் அறிக்கையில் மட்டும் ஒரு வரியை மாற்ற வேண்டியதாயிற்று. 'எவருமிலர்' என்ற இடத்தில் 'ஒருவர்' என்று வந்தது. காரணம் என்கிற கட்டத்தில், வேறு வாசகம் கோப்பில் இல்லாததால், 'ஜப்பானியர் அல்ல' என்றே அச்சாகியிருந்தது.

புது வருட விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் மியோங்மியின் மேசைத் தொலைபேசி அடித்தது. நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் சுன்ஹி. அவளும் கொரியப் பாஸ்போர்ட்காரி, நாற்பது வயதிருக்கும். இரண்டு தடவை கூட்டங்களில் பார்த்து வணங்கிக்கொண்டதோடு சரி.

"அக்கா, அறிக்கையில அந்த ஒருவர்னு இருக்கறது நீங்கதானே?"

"நான்தான்."

"நானும் அடுத்த தடவை போடலாம்னு இருக்கேன். காப்பகத்தை எல்லாம் நான்தான் பாத்துக்கறேன், ஆனா மேனேஜர் மட்டும் மூணு வருஷத்துக்கு ஒருத்தர் புதுசா வர்றாங்க. போட்டா மறுப்பாங்களா அக்கா? இல்லை, டீ குடுத்து அனுப்பிடுவாங்களா?"

மியோங்மி இழுப்பறையைத் திறந்து, வரிக்கு இருபது எழுத்துக் கட்டம் போட்ட தாள் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாள்.

"கண்டிப்பா மறுப்பாங்க" என்றாள். "கவலைப்படாதே. கடிதத்தை நான்தான் சரிபாப்பேன்."